அமுக்கத்தை அளந்த அறிஞர் பேர்சி பிரிட்ஜ்மன்



நெருப்பு மூட்டாமலும் வெந்நீரில் இடாமலும் ஒரு முட்டையை அவிக்க இயலுமா? இவ்வினாவை எமது வகுப்பில் எழுப்பியபோது மாணவர் பலர் நகைத்தனர். வெயிலில் வைக்கலாம் என்றார் ஒருவர். மின்னடுப்பு நெருப்பாகாது என வாதிட்டார் இன்னொருவர். ஆயின் 1914ஆம் ஆண்டிலேயே ஓர் அறிஞர் இதனைச் செய்து முடித்துவிட்டார். முட்டையின் வெண்கருவை உருக்குப் பாத்திரம் ஒன்றினுள் இட்டு, அறை வெப்பநிலையிலேயே வைத்து, சுமார் 7,000 வளிமண்டல அமுக்கத்திற்கு அரை மணி நேரம் உட்படுத்தினார். வெளியே எடுத்தபோது அது அவித்த முட்டையைப் போன்று இறுகியிருந்தது. வெப்பம் செய்யும் வேலையை அமுக்கமும் செய்யவல்லது என்பதனை உலகம் அன்று கண்டது.

அவ்வறிஞரின் பெயர் பேர்சி வில்லியம்ஸ் பிரிட்ஜ்மன். உயரமுக்கப் பௌதிகவியலுக்கு உறுதியான அடித்தளம் இட்டவர் அவரே. 1946ஆம் ஆண்டிற்குரிய பௌதிகவியல் நோபல் பரிசைப் பெற்றவரும் அவரே. அவர் மறைந்து அறுபது ஆண்டுகள் கடந்துவிட்டன. எனினும் இரும்பைக் கொண்ட மீகடத்திகள் எனப்படும் புதுப் பொருள்களை ஆராய்வோர் இன்றும் அவர் காட்டிய வழியிலேயே நடக்கின்றனர். அன்னாரின் வாழ்வையும், அவ்வாழ்வு இன்று தரும் பயனையும் சுருங்கக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். நீங்கள் பாடசாலையில் ஆங்கிலத்தில் கற்கும் கலைச்சொற்களுக்கு ஈடாக, ஊரில் உங்கள் பெற்றோர் தமிழிலே கற்ற சொற்களையே இங்கு கையாண்டுள்ளேன். விளங்காதவிடத்து அவர்களைக் கேட்டறிவீர்களாக.

முதலில் அமுக்கம் யாதெனக் காண்போம். நாம் அனைவரும் காற்றுக் கடலின் அடித்தளத்திலே வாழ்கின்றோம். அக்காற்றின் நிறை, ஒவ்வொரு சதுர சென்ரிமீற்றர் பரப்பின் மீதும் ஏறத்தாழ ஒரு கிலோகிராம் பாரத்தை வைத்தாற்போல் அழுத்துகின்றது. இதனையே ஒரு வளிமண்டல அமுக்கம் என்கிறோம். கடல்களுள் மிக ஆழமான மரியானா அகழியின் அடியில் இது சுமார் 1,100 மடங்காகும். பூமியின் நடுமையத்திலோ ஏறத்தாழ 36 இலட்சம் மடங்காகும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட பெருவெளியுள் மனிதன் புகுவதற்குக் கதவு திறந்தவர் பிரிட்ஜ்மன்.

இளமையும் கல்வியும்

ஐக்கிய அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநிலத்தில் உள்ள கேம்பிரிட்ஜ் நகரில் 1882ஆம் ஆண்டு ஏப்ரில் மாதம் 21ஆந் திகதி பிரிட்ஜ்மன் பிறந்தார். தந்தையார் பத்திரிகையாளர், ஆழ்ந்த சமயப் பற்றுடையவர். உலக நாடுகள் யாவும் பொதுவான ஒரு சட்டத்தின் கீழ் அமைதியாக வாழ்தல் வேண்டும் என்னும் கொள்கையை வலியுறுத்தி நூல்கள் எழுதியவர். மகன் சமயத்தின் வழியிற் செல்லவில்லை. ஆயினும், தாம் உண்மையென நம்பியதைத் தனித்து நின்றேனும் உரைக்கும் துணிவைத் தந்தையிடமிருந்தே பெற்றார் எனலாம்.

அருகிலுள்ள நியூட்டன் நகரப் பாடசாலைகளிற் கற்ற பின்னர் 1900ஆம் ஆண்டில் ஹாவார்ட் பல்கலைக்கழகத்திற் சேர்ந்தார். 1904இல் இளமாணிப் பட்டமும், 1905இல் முதுமாணிப் பட்டமும், 1908இல் கலாநிதிப் பட்டமும் அங்கேயே பெற்றார். 1954இல் ஓய்வுபெறும் வரை அதே பல்கலைக்கழகத்திலேயே பணியாற்றினார். 1912இல் ஒலிவ் வெயர் என்னும் பெண்மணியை மணந்து ஒரு மகளுக்கும் ஒரு மகனுக்கும் தந்தையானார். குழுக்களையும் கூட்டங்களையும் விரும்பாத அவர், கோடைகாலங்களில் மலைகள் சூழ்ந்த றண்டோல்ஃப் என்னும் சிற்றூரில் தங்கி எழுதுவதையே விரும்பினார்.

விபத்திற் பிறந்த வித்தை

1905ஆம் ஆண்டளவில் அவர் ஆராயப் புகுந்தது வேறொரு பொருளாகும். அமுக்கத்திற்கு உட்பட்ட பொருள்களினூடாக ஒளி எவ்வாறு செல்கின்றது என்பதை அறிவதே அவர்தம் நோக்கம். ஆயின் பரிசோதனையின்போது கருவியின் முக்கிய பகுதியொன்று வெடித்துச் சிதறியது. மாற்றுப் பகுதி ஐரோப்பாவிலிருந்து வரவேண்டியிருந்தது. அது வரும்வரை வாளாவிருக்க அவர் மனம் ஒப்பவில்லை. அமுக்கப் பாத்திரத்தை விரைவில் மூடவும் திறக்கவும் வல்ல அடைப்பு ஒன்றை அமைக்க முயன்றார். அம்முயற்சியே அவருடைய வாழ்நாட் பணியாயிற்று. முதலில் எடுத்துக்கொண்ட ஆய்வுக்கு அவர் மீளவே இல்லை.

அந்த அடைப்பின் சிறப்பை உணர, வீட்டிலுள்ள தண்ணீர்க் குழாயை எண்ணிப் பாருங்கள். குழாயினுள் இருக்கும் றப்பர் வாசரை நாம் திருகி இறுக்கும் அளவிற்கே அது நீரைத் தடுக்கும். நீரின் அமுக்கம் நமது இறுக்கத்தை விஞ்சுமாயின் ஒழுக்குத் தொடங்கிவிடும். அக்காலத்து ஆய்வாளர் அனைவரையும் தடுத்து நிறுத்தியது இவ்வொழுக்கே. பிரான்சு நாட்டின் அமகா போன்ற பேரறிஞரும் சுமார் 3,000 வளிமண்டலத்துடன் நின்றுவிட நேர்ந்தது.

பிரிட்ஜ்மனின் அமைப்பு இதனைத் தலைகீழாக மாற்றியது. உள்ளிருக்கும் திரவம் ஓர் அகன்ற முகப்பைத் தள்ளும். அம்முகப்பு, தன்னைவிடக் குறைந்த பரப்புடைய மென்மையான அடைப்பு வளையத்தை நெரிக்கும். அதே விசை சிறிய பரப்பிலே தாக்குவதால் அடைப்பினுள் ஏற்படும் அமுக்கம் திரவத்தின் அமுக்கத்தை விட எப்பொழுதும் ஒரு குறித்த விகிதத்தால் மேலோங்கி நிற்கும். ஆகவே திரவம் எவ்வளவுக்குச் சீறுகின்றதோ அவ்வளவுக்கு அடைப்பும் இறுகும். தப்பியோட முனையும் கைதியே தன் சிறைக்கதவைப் பூட்டுவதற்கு ஒப்பானது இது. ஒழுக்கு என்னும் எல்லை அகன்றது. அதன்பின் எஞ்சிய எல்லை உருக்கின் வலிமை ஒன்றே.

அவ்வெல்லையையும் அவர் படிப்படியாக விலக்கினார். 12,000 வளிமண்டலம் அவருடைய அன்றாட அளவாயிற்று. பின்னர் 30,000, அதன்பின் 50,000, ஈற்றில் 100,000 என ஏறிச் சென்றார். மிகச் சிறிய மாதிரிகளில் 400,000 வரையும் எட்டினார். ஒரு பாத்திரத்தை வேறொரு பாத்திரத்தினுள் வைத்து வெளியிலிருந்தும் அமுக்கித் தாங்கச் செய்தார். தங்குதன் காபைட்டு என்னும் மிகக் கடினமான பொருளாற் செய்த இரு பட்டடைகளுக்கிடையே மாதிரியை வைத்து நெரித்தார். பிரிட்ஜ்மன் பட்டடை என்றே அது இன்றும் வழங்கப்படுகின்றது. இப்பணிகளுட் பெரும்பாலானவற்றைத் தம் கைகளாலேயே செய்தார். கடைசல் பொறியின் முன் நின்று உருக்கைக் கடையும் பேராசிரியரைக் கற்பனை செய்து பாருங்கள். கைத்தொழிலை இழிவெனக் கருதும் எண்ணம் நம்மவரிடையே இன்னமும் உண்டு. அதனைக் களைவதற்கு இக்காட்சி ஒன்றே போதும்.

அமுக்கம் காட்டிய புதுமைகள்

அமுக்கத்தை உண்டாக்குதல் ஒரு பாதி. அதனை அளத்தல் மறு பாதி. மங்கனின் என்னும் கலப்புலோகக் கம்பியின் மின்தடை அமுக்கத்துடன் சீராக உயர்வதைப் பயன்படுத்தி அவர் அமுக்கத்தை அளந்தார். அவ்வளவுகோல் பிழைபடாதிருக்க, நிலையான குறியொன்றையும் நாட்டினார். சாதாரணமாக இரசம் பூச்சியத்துக்குக் கீழே 39 பாகையளவிலேயே உறையும். ஆயின் சுமார் 7,500 வளிமண்டல அமுக்கத்தில் அது பூச்சியப் பாகையிலேயே உறைந்துவிடுகின்றது. இதனை நுட்பமாக அளந்து ஏனைய அளவீடுகளுக்கு உரைகல்லாக வைத்தார்.

இவ்வாறு அளந்து சென்றவிடத்துப் புதுமைகள் பல வெளிப்பட்டன. நாம் அறிந்த பனிக்கட்டி நீரில் மிதக்கும். அமுக்கத்தின்கீழ் உண்டாகும் வேறுவகைப் பனிக்கட்டிகளோ நீரில் அமிழும். முன்னர் இரண்டை தம்மான் என்னும் அறிஞர் கண்டிருந்தார். பிரிட்ஜ்மன் 1912இல் மேலும் இரண்டைக் கண்டறிந்தார். 1937இல் அவர் அறிவித்த வேறொரு வகை, உயரமுக்கத்தின்கீழ் நீரின் கொதிநிலையைக் கடந்த வெப்பத்திலும் உருகாது திண்மமாகவே நிலைத்தது. சுடுகின்ற பனிக்கட்டி! 1914இல் வெண்பொசுபரசை 200 பாகை வெப்பத்தில் 12,000 வளிமண்டலத்திற்கு உட்படுத்தியபோது அது கரிய நிறப் பொருளாக மாறியது. அமுக்கத்தை நீக்கிய பின்னரும் அது பழைய நிலைக்கு மீளவில்லை. அக்கரும் பொசுபரசின் மெல்லிய படலங்களை இலத்திரனியல் அறிஞர் இன்று ஆர்வத்துடன் ஆராய்கின்றனர். முட்டையில் அவர் கண்ட உண்மையும் வீண்போகவில்லை. பழச்சாறு போன்றவற்றைச் சூடாக்காமல், ஏறத்தாழ 6,000 வளிமண்டல அமுக்கத்தால் கிருமிநீக்கஞ் செய்யும் முறை இன்று உணவுத் தொழிலில் நடைமுறையிலுள்ளது.

இரும்பு உட்படப் பல்வேறு உலோகங்களின் மின்தடையையும் சுருங்குமியல்பையும் ஒவ்வொன்றாக அளந்து அட்டவணைப்படுத்தினார். ஒழுங்கான பளிங்குகள் வேண்டியிருந்தமையால், உருகிய பொருளைச் சூளையின் வெப்பமான பகுதியிலிருந்து குளிர்ந்த பகுதிக்கு மெல்ல மெல்ல இறக்கி ஒற்றைப் பளிங்காக வளர்க்கும் முறையை 1925இல் வெளியிட்டார். அவர் தம் வாழ்நாளில் எழுதிய ஆய்வுக் கட்டுரைகள் 260இற்கும் மேற்பட்டவை.

எல்லாம் வெற்றியாகவே முடிந்தன என எண்ணிவிடாதீர்கள். காரியத்தை அமுக்கி வைரமாக்க அவர் பல்லாண்டுகள் முயன்றும் கைகூடவில்லை. 1954இன் இறுதியில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் ஆய்வாளரே அதனைச் சாதித்தனர். எனினும் அவர்கள் ஏறியது பிரிட்ஜ்மன் அமைத்த படிகளிலே என்பதை மறுப்பாரில்லை.

சொல்லுக்குப் பொருள் யாது?

1914ஆம் ஆண்டளவில் மின்னியக்கவியற் பாடங்களைக் கற்பிக்கும் பொறுப்பு திடீரென அவர்மீது விழுந்தது. கற்பிக்கப் புகுந்தபோதுதான் அப்பாடத்தின் அடிப்படைக் கருத்துகள் தமக்கே தெளிவாக இல்லை என்பதை அவர் உணர்ந்தார். ஆசிரியராக இருந்த எவருக்கும் இவ்வனுபவம் புதிதன்று. பலர் அதனை மறைத்துக் கடந்து செல்வர். அவரோ பதின்மூன்று ஆண்டுகள் சிந்தித்து, நவீன பௌதிகவியலின் தருக்கம் என்னும் பொருளுடைய நூலை 1927இல் வெளியிட்டார்.

அந்நூலின் சாரம் எளிமையானது. நீளம், நேரம், அமுக்கம் என நாம் சொற்களை வழங்குகின்றோம். அவற்றின் பொருள் அகராதியில் இல்லை. அவற்றை அளப்பதற்கு நாம் செய்யும் செயல்களிலேயே அவற்றின் பொருள் தங்கியுள்ளது. எவ்வாறு அளந்தாய் என்னும் கேள்விக்கு விடை இல்லையேல், நீ கூறிய சொல்லுக்கும் பொருள் இல்லை. உருக்கைக் கடைந்த கைகளுக்கு உரிய தத்துவம் இது. இதன் அருமையைச் சற்றுப் பின்னர் காண்போம்.

பூட்டிய கதவு

1939ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் பிரிட்ஜ்மன் செய்த செயலொன்று அறிவியல் உலகைத் திடுக்கிடச் செய்தது. சர்வாதிகார நாடுகளின் பிரசைகளுக்குத் தமது ஆய்வுகூடத்தைக் காட்டுவதில்லை எனவும், அவர்களுடன் தமது ஆய்வுகளைப் பற்றி உரையாடுவதில்லை எனவும் அறிவியற் சஞ்சிகை ஒன்றில் பகிரங்கமாக அறிவித்தார். அத்தகைய நாட்டுப் பிரசை சுதந்திரமானவன் அல்லன். அவன் கற்கும் எதனையும் அரசு தன் நோக்கத்திற்குப் பறித்துக்கொள்ளும் என்பதே அவர் கூறிய காரணம். ஐரோப்பாவிற் போர் மூள்வதற்குச் சில மாதங்களே இருந்தன.

அறிஞர் ஒருவர் அநீதியைக் கண்டு மௌனமாயிருக்கவில்லை என்பது போற்றத்தக்கதே. ஆயினும் இவ்விடத்தில் என் மனம் அவருடன் முற்றாக உடன்பட மறுக்கின்றது. ஆட்சியாளர் செய்யும் கொடுமைக்கு, அந்நாட்டிற் பிறந்தவன் எவ்வாறு பொறுப்பாளியாவான்? அக்கொடுமையாற் பெரிதும் வதைபட்டவன் அவனாகவே இருத்தலும் கூடுமன்றோ? நாடிழந்து வந்த நம் போன்றோருக்கு இது வெறும் புத்தகத்து வினா அன்று. கடவுச்சீட்டைப் பார்த்து மனிதனை மதிப்பிடும் கதவுகள் பலவற்றின் முன்னே காத்து நின்றவர்கள் நாம். பெரியோரின் வாழ்வைக் கற்கும்போது அவர்தம் பெருமையோடு இத்தகைய இடங்களையும் மறைக்காது கற்றல் வேண்டும் என்பது என் கருத்து.

போர்க்காலத்தில் யுரேனியம், புளுத்தோனியம் ஆகிய உலோகங்கள் அமுக்கத்தில் எவ்வாறு சுருங்கும் என்பதை அணுகுண்டுத் திட்டத்திற்காக அவர் அளந்து கொடுத்தார். அத்திட்டத்தின் ஆய்வுகூடத்தை நெறிப்படுத்திய ஒப்பன்ஹைமர், ஹாவார்டில் அவரிடம் கற்ற மாணவரே. அரசு தன் அறிஞரின் அறிவை வேண்டிப் பெறுவது சர்வாதிகார நாடுகளில் மட்டும் நிகழ்வதன்று என்பதை இங்கு நினைவுகொள்ளலாம். பத்தாண்டுகள் கழித்து, 1955இல், அணுவாயுதப் போரின் அழிவைக் குறித்து உலகை எச்சரித்து ரசல், ஐன்ஸ்டைன் ஆகியோர் விடுத்த அறிக்கையில் ஒப்பமிட்ட பதினொருவருள் பிரிட்ஜ்மனும் ஒருவர். ஏனையோருள் ஜப்பானியரும் போலந்து நாட்டவரும் இருந்தனர். பூட்டிய கதவை அவர் தம் கையாலேயே திறந்தார் என்று நான் எண்ணிக்கொள்கிறேன்.

இரும்பும் மீகடத்தியும்

இனி, அவர் காணாத ஒரு காட்சிக்கு உங்களை அழைத்துச் செல்கிறேன்.

மின் செல்லும் கம்பி எதுவாயினும் சிறிதளவு தடை இருக்கும். அதனாலேயே அது சூடாகின்றது. 1911இல் ஒல்லாந்து நாட்டின் லைடன் நகரில், கமர்லிங் ஓனெஸ் என்னும் அறிஞர் இரசத்தைப் பூச்சியத்துக்குக் கீழே 269 பாகை வரை குளிர்வித்தபோது, அதன் மின்தடை முற்றாக மறைந்தது. இத்தகைய பொருளே மீகடத்தி எனப்படும். மருத்துவமனைகளில் உடலின் உட்பாகங்களைப் படம்பிடிக்கும் பெரிய காந்தப் பொறிகள் மீகடத்திச் சுருள்களாலேயே இயங்குகின்றன. ஆனால் அவற்றை மிகக் கடுமையாகக் குளிர்வித்தல் வேண்டும். சற்று உயர்ந்த வெப்பநிலையிலும் மீகடத்தியாய் இருக்கும் பொருளைத் தேடுவதே நூற்றாண்டு காலமாக நடைபெறும் முயற்சியாகும்.

இத்தேடலில் இரும்பை எவரும் பொருட்படுத்தவில்லை. காந்தத்தன்மை மீகடத்தலுக்குப் பகையென்பது பொதுக் கருத்து. இரும்போ காந்தத்திற்கே பெயர் போனது. அமுக்கமே முதலில் அக்கருத்தை அசைத்தது. 2001இல் ஜப்பானிய ஆய்வாளர், ஏறத்தாழ 150,000 முதல் 300,000 வளிமண்டல அமுக்கத்தில் இரும்பு தன் காந்தத்தன்மையை இழந்து, கடுங்குளிரில் மீகடத்தியாவதைக் கண்டனர். பின்னர் 2008இல் ஹிடியோ ஹொசோனோ என்பாரின் குழுவினர், இலந்தனம், இரும்பு, ஆசனிக்கு, ஒட்சிசன் ஆகியவற்றுடன் சிறிது புளோரினும் சேர்ந்த சேர்வையொன்று பூச்சியத்துக்குக் கீழே 247 பாகையில் மீகடத்தியாகின்றது எனத் தோக்கியோவிலிருந்து அறிவித்தனர். அதே ஆண்டில் அச்சேர்வையைச் சுமார் 40,000 வளிமண்டலத்திற்கு உட்படுத்தியபோது, மீகடத்தல் தொடங்கும் நிலை பூச்சியத்துக்குக் கீழே 230 பாகைக்கு உயர்ந்தது. வெறும் அமுக்கத்தினால் 17 பாகை உயர்வு!

இது எவ்வாறு நிகழ்கின்றது? இச்சேர்வைகளில் இரும்பணுக்கள் தளத்திற் கற்கள் பதித்தாற்போல் தட்டையான படைகளாக அமைந்துள்ளன. அப்படைக்கு மேலும் கீழும் ஆசனிக்கு அணுக்கள் அமர்ந்துள்ளன. ஒவ்வோர் இரும்பணுவையும் நான்கு ஆசனிக்கு அணுக்கள் நான்முகி வடிவிற் சூழ்ந்துள்ளன. அமுக்கம் அணுக்களுக்கிடையிலான தூரத்தையும், ஆசனிக்கு அணுவின் உயரத்தையும், நான்முகியின் கோணங்களையும் மாற்றுகின்றது. இரும்பணுக்களின் காந்த ஒழுங்கு தளர்கின்றது. அது தளருமிடத்தில் இலத்திரன்கள் இணைந்து தடையின்றிச் செல்லும் நிலை தோன்றுகின்றது. பேரியம், இரும்பு, ஆசனிக்குச் சேர்வை சாதாரண நிலையில் மீகடத்தியே அன்று. அமுக்கினால் அதுவும் மீகடத்தியாகின்றது. இரும்பும் செலீனியமும் சேர்ந்த எளிய சேர்வையில் மீகடத்தல் நிலை பூச்சியத்துக்குக் கீழே 265 பாகையிலிருந்து, சுமார் 90,000 வளிமண்டலத்தில் 236 பாகைக்கு உயர்கின்றது. அதற்கு மேலும் அமுக்கினால் பளிங்கின் அமைப்பே மாறி, பயன் குறைகின்றது. அளவோடு அமுக்குதலே நன்று என்பதை இரும்பும் அறிந்திருக்கின்றது போலும்!

இந்த அறிவு அமுக்கப் பாத்திரத்தினுள்ளேயே நின்றுவிடவில்லை. வெளியிலிருந்து அமுக்குவதற்குப் பதிலாக, இலந்தனத்தை நீக்கி அதனிலும் சிறிய அணுவான சமாரியத்தை வைத்தால் பளிங்கு தானாகவே சுருங்குமன்றோ? பெய்ஜிங் ஆய்வாளர் அவ்வாறே செய்து, புறவமுக்கம் இன்றியே பூச்சியத்துக்குக் கீழே 218 பாகையில் மீகடத்தலைப் பெற்றனர். 2008ஆம் ஆண்டிலேயே இதுவும் நிகழ்ந்தது. தோக்கியோவிற் கண்ட உண்மை சில வாரங்களிற் பெய்ஜிங்கிற்கும், சில மாதங்களில் தாய்வான், ஐரோப்பா, அமெரிக்கா எங்கும் பரவிப் பயன் தந்தது. கதவுகள் திறந்திருந்தமையால் விளைந்த நன்மை இது.

இனி, பிரிட்ஜ்மனின் தத்துவத்திற்கு மீள்வோம். கல்சியம், இரும்பு, ஆசனிக்குச் சேர்வையொன்று சிறிய அமுக்கத்திலேயே மீகடத்தியாகின்றது என 2008இற் சிலர் கண்டனர். பின்னர் ஹீலியத்தைக் கொண்டு எல்லாப் பக்கமும் சமமாக அமுக்கியபோது அம்மீகடத்தல் தோன்றவில்லை. முன்னைய பரிசோதனைகளில் அமுக்கத்தைக் கடத்திய திரவம் குளிரில் உறைந்து, பளிங்கை ஒரு பக்கம் கூடுதலாகவும் மறுபக்கம் குறைவாகவும் நெரித்திருந்தது. இரு சாராரும் கூறிய சொல் அமுக்கம் என்ற ஒன்றே. அவர்கள் செய்த செயல்களோ வேறு வேறு. எவ்வாறு அளந்தாய் என்னும் அவருடைய வினா, அவர் மறைந்து பல்லாண்டுகளின் பின்னரும் அறிஞரை நெறிப்படுத்துகின்றது. அவர் அமைத்த பட்டடைகளும், அவற்றின் வழிவந்த வைரப் பட்டடைகளும் இவ்வாய்வுகளிற் பயன்படுகின்றன. இரும்பு, செலீனியம், தெலூரியம் கலந்த மீகடத்திப் பளிங்குகள் அவர் 1925இல் வெளியிட்ட முறையாலும் வளர்க்கப்படுகின்றன.

இறுதியும் நிலைத்த பெயரும்

இறுதிக் காலத்திற் புற்றுநோய் அவரை வாட்டியது. நோயின் நடுவிலும் தம் ஆய்வுக் கட்டுரைத் தொகுதிகளுக்கான சுட்டியைத் தயாரித்து முடித்தார். 1961ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 20ஆந் திகதி, தாம் நேசித்த றண்டோல்ஃப் ஊரிலே, தமது 79ஆவது வயதில் மறைந்தார். அத்தொகுதிகள் 1964இல் ஏழு பாகங்களாக வெளிவந்தன.

நாம் புகலடைந்து வாழும் இந்த அவுஸ்திரேலிய நாட்டிற்கும் அவருக்கும் ஒரு தொடர்புண்டு. 1879இல் குயின்ஸ்லாந்து மாநிலத்தின் ரெனம் என்னுமிடத்தில் விண்கற்கள் வீழ்ந்தன. பூமியின் ஆழத்தில், சுமார் 660 கிலோமீற்றருக்குக் கீழே, பெரும் அமுக்கத்தில் மட்டுமே உருவாகும் கனியம் ஒன்று அக்கல்லொன்றினுள் நுண்மணிகளாகச் சிறைப்பட்டிருந்தமை கண்டறியப்பட்டது. அதனால் அக்கனியத்திற்கு 2014இல் முறைப்படி பெயரிட முடிந்தது. பிரிட்ஜ்மனைற்று என்பதே அப்பெயர். பூமியின் கனவளவில் மூன்றிலொரு பங்கிற்கும் மேலாக அக்கனியமே நிறைந்துள்ளது. மக்னீசியமும் சிலிக்கனும் ஒட்சிசனும் அதன் கூறுகள். சிறிது இரும்பும் அதில் உண்டு.

மாணவச் செல்வங்களே! இடம்பெயர்ந்து வந்த குடும்பங்களிற் பிறந்த நீங்கள், இரு மொழிகளின் சுமையும், இரு பண்பாடுகளின் நெருக்கமும், பெற்றோரின் எதிர்பார்ப்பும் ஒருங்கே அழுத்த வளர்கின்றீர்கள் என்பதை நாம் அறிவோம். சனிக்கிழமைக் காலைத் துயிலை விட்டு இங்கு வருவதும் ஓர் அமுக்கமே. பெற்றோர்களே! எல்லாப் பக்கமும் சமமாக அமையும் அமுக்கம் ஒரு விளைவையும், ஒரு பக்கம் மட்டும் நெரிக்கும் அமுக்கம் வேறொரு விளைவையும் தரும் என்று கல்சியம், இரும்பு, ஆசனிக்குச் சேர்வை காட்டியதை நாம் மறவாதிருப்போமாக. பிள்ளையை அமுக்கும் முன்னர், எவ்வளவு, எப்பக்கம், எதற்காக என்று அளந்து பார்த்தல் நம் கடன். வெண்பொசுபரசு கரியதாகி நிலைத்ததுபோல், அமுக்கத்தால் வரும் சில மாற்றங்கள் பின்னர் மீளுவதில்லை.

பிறர் கூறியதை அப்படியே ஏற்காது, தம் கையால் அளந்து, அளந்தவாறே உரைத்து வாழ்ந்தவர் பிரிட்ஜ்மன். அவர் பெயர் நம் காலடியில், கண் காணா ஆழத்தில், என்றும் நிலைத்திருக்கும்.